கைதட்டலுக்கு முன்னாடி கணக்கு: ஒரு டிரம்பெட்காரரின் லீவு நாளும் 'ட்ரெமே' தொடரும்

கல்யாண ஊர்வலத்துக்கு டிரம்பெட் வாசிக்கிறவருக்கு எப்போது லீவு கிடைக்கும்? மார்கழியில். கொஞ்சம் வேடிக்கையான விஷயம்தான். சென்னையில் சபாவுக்கு சபா இசை விழா களைகட்டும் அதே மாதத்தில், மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் நின்று வாசிக்கிற பேண்ட் செட்காரர்களுக்கு முகூர்த்தமே கிடையாது. கிறிஸ்துமஸ் வரைக்கும் கேரல், சர்ச் நிகழ்ச்சி என்று சிலருக்கு ஓடும். புத்தாண்டு முடிந்துவிட்டால் பெட்டிக்குள் போன டிரம்பெட், தை பிறந்தால்தான் வெளியே வரும்.

அப்படி ஒரு ஜனவரி முதல் வார மாலையில், ராயபுரத்தில் இருக்கும் ஒரு டிரம்பெட்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர். தங்க ஜரிகை வைத்த சிவப்பு கோட் துவைத்து மாட்டியாகிவிட்டது. மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருப்பது எப்படி என்றே அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் ரிலாக்ஸ் பண்ணும் நேரம்தானே இவருக்கு டியூட்டி நேரம்? டிவியில் பாட்டுப் போட்டி ஓடினால் சேனலை மாற்றிவிடுவார். நாள் முழுக்க பரோட்டா போட்டவருக்கு சமையல் ஷோ பிடிக்குமா என்ன?

அக்கா மகன் வந்து, "மாமா, இதைப் பாருங்க. உங்க செட்டு ஆளுங்க மாதிரியே இருக்காங்க" என்று ஒரு பழைய அமெரிக்கத் தொடரைப் போட்டுவிடுகிறான். ஒரு தெரு. ஊர்வலம் கிளம்பத் தயாராக ஆட்கள் நிற்கிறார்கள். கையில் டிராம்போன், டிரம்பெட், தோளில் பெரிய சுசாஃபோன். ஆனால் ஊர்வலம் கிளம்பவில்லை. காரணம், ரேட் பேசி முடியவில்லை. இத்தனை பேர், இவ்வளவு பணம் என்று பேரம் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குள் இன்னொரு டிராம்போன்காரர் லேட்டாக டாக்ஸியில் வந்து இறங்குகிறார். டிரைவருக்குக் கொடுக்க முழுப் பணம் இல்லை. அங்கேயும் ஒரு பேரம்.

டிரம்பெட்காரர் நிமிர்ந்து உட்கார்கிறார். "டேய், இவன் நம்ம ஆளுடா!"

அந்த ஊர் நியூ ஆர்லியன்ஸ். தொடரின் பெயர் 'ட்ரெமே'. டாக்ஸிக்குக் காசில்லாமல் வந்து இறங்கியவர் ஆன்டுவான் பட்டீஸ்ட். வெண்டல் பியர்ஸ் என்ற நடிகர் வாழ்ந்து காட்டிய கதாபாத்திரம். இசைக்கலைஞர்களைப் பற்றி டிவியில் வந்த கதைகளில் இவ்வளவு நேர்மையான ஒன்று அபூர்வம். இதைச் சொல்லக் காரணம், அதில் வரும் இசை நன்றாக இருக்கிறது என்பது மட்டும் இல்லை. அதில் காசு பேசப்படுகிறது என்பதுதான்.

அது என்ன ட்ரெமே?

நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயர்தான் ட்ரெமே. அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுகூடி மேளம் அடித்து ஆடிய 'காங்கோ ஸ்கொயர்' அங்கேதான் இருக்கிறது. இப்போது அந்த இடம் லூயி ஆம்ஸ்ட்ராங் பெயரில் உள்ள பூங்காவுக்குள் இருக்கிறது. ஜாஸ் என்று உலகமே கொண்டாடும் இசையின் வேர்களைத் தேடிப் போகிறவர்கள் இந்தத் தெருக்களுக்குத்தான் வந்து சேர்வார்கள்.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் தாக்கியது. உண்மையில் ஊரைக் கொன்றது காற்று இல்லை, உடைந்த வெள்ளத் தடுப்புக் கரைகள்தான். நகரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீரில் மூழ்கியது. லட்சக்கணக்கானவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். அதில் இசைக்கலைஞர்களும் அடக்கம். வாத்தியம் போச்சு, வீடு போச்சு, வாசிக்கிற பாரும் மூடியாச்சு. அந்தப் புயலுக்கு மூன்று மாதம் கழித்து 'ட்ரெமே' கதை தொடங்குகிறது.

'தி வயர்' தொடரை எடுத்த டேவிட் சைமன், எரிக் ஓவர்மையருடன் சேர்ந்து இதை உருவாக்கினார். சைமன் சினிமாவிலிருந்து வந்தவர் இல்லை, பால்டிமோர் நாளிதழ் ஒன்றில் நிருபராக இருந்தவர். எச்பிஓவில் 2010 ஏப்ரல் 11 அன்று ஆரம்பித்து, 2013 டிசம்பர் வரை நான்கு சீசன், 36 எபிசோடுகள். ரேட்டிங் ஒருபோதும் பெரிதாக எகிறவில்லை. கடைசி சீசனுக்கு ஐந்தே எபிசோடுதான் கிடைத்தது.

பொய் எங்கே ஆரம்பிக்கிறது?

இசைக்கலைஞர் பற்றிய கதை என்றாலே நமக்கு ஒரு டெம்ப்ளேட் ரெடியாக இருக்கிறது. திறமை இருக்கும், யாரும் மதிக்க மாட்டார்கள், ஒருநாள் ஒரு மேடை கிடைக்கும், கிளைமாக்ஸில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டும். கைதட்டலுக்கு அப்புறம்? வேன் எத்தனை மணிக்கு, பேட்டா வந்துச்சா, டிரம்ஸைக் கழற்றி யார் கீழே இறக்குவது, அடுத்த புரோகிராம் எப்போது என்பதெல்லாம் திரையில் வராது. படம் முடிந்துவிடும்.

'ட்ரெமே' அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆன்டுவான் ஊரறிந்த டிராம்போன்காரர். ஆனால் சொந்தக் கார் இல்லை. கல்யாணம், பார், ஏர்போர்ட்டில் வந்து இறங்கும் டூரிஸ்ட்களை வரவேற்பது, சாவு ஊர்வலம் என்று எங்கே கூப்பிட்டாலும் போகிறார். ஒவ்வொரு இடத்துக்கும் டாக்ஸி, ஒவ்வொரு டாக்ஸியிலும் சண்டை. முதல் சீசன் முழுக்க இது காமெடி மாதிரி திரும்பத் திரும்ப வரும். கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே புரிந்துவிடும், இது காமெடி மட்டும் இல்லை என்று. வாசித்துச் சம்பாதிப்பதில் எவ்வளவு போக்குவரத்துக்கே போகிறது என்ற கணக்கு அது.

முதல் எபிசோடு முடிவது ஒரு சாவு ஊர்வலத்தில். நியூ ஆர்லியன்ஸ் வழக்கப்படி, கல்லறைக்குப் போகும்போது மெதுவான பக்திப் பாடல். அடக்கம் முடிந்து திரும்பும்போது வேகமான இசை, தெருவெல்லாம் ஆட்டம். பேண்டுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வரும் கூட்டத்துக்குத்தான் 'செகண்ட் லைன்' என்று பெயர். அந்த துக்கத்துக்கு நடுவிலும் ஆன்டுவானின் மனசில் அன்றைய பேமெண்ட் இருக்கிறது. இருந்தாலும் அவர் வாசிப்பதில் குறை இல்லை. துக்கமும் உண்மை, காசும் உண்மை. இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்துக் காட்டியதற்கு இந்தத் தொடருக்குத் தனி மார்க் போடலாம். சாவு வீட்டில் வாசித்துவிட்டு ஓரமாக நின்று பணத்துக்குக் காத்திருக்கிற அனுபவம் ராயபுரத்துக்காரருக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரியும். நம்ம ஊர் இறுதி ஊர்வலத்திலும் பறை உண்டு, பேண்ட் உண்டு, ஆட்டமும் உண்டே!

வாயசைப்பா, வாசிப்பா?

இன்னொரு நேர்மை டெக்னிக்கலானது. பொதுவாக சினிமாவிலும் தொடரிலும் இசையை முன்கூட்டியே ஸ்டுடியோவில் பதிவு செய்துவிடுவார்கள். ஷூட்டிங்கில் அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, நடிகர்கள் வாசிப்பது போலச் செய்வார்கள். சத்தம் சுத்தமாக இருக்கும். எடிட் பண்ணுவதும் சுலபம், ஏனென்றால் எத்தனை டேக் எடுத்தாலும் பாட்டின் வேகம் ஒன்றுதான்.

'ட்ரெமே' குழு இசையைப் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்தது. இதில் என்ன தலைவலி என்றால், மனிதர்கள் வாசிக்கும்போது ஒரு டேக் மாதிரி இன்னொரு டேக் இருக்காது. இதில் பாதி, அதில் பாதி என்று ஒட்டினால் தாளம் இடறும். ஆனால் பலன் பெரியது. பாரில் கண்ணாடி டம்ளர் உரசும் சத்தம், யாரோ நடுவில் கத்துவது, சின்னதாக ஒரு ஸ்வரம் பிசகுவது எல்லாம் கூடவே வருகிறது. வாசிக்கிறவர்கள் மூச்சு வாங்குவது தெரிகிறது. 2009 முதல் ஓடிய 'க்ளீ' தொடரில் பள்ளிப் பிள்ளைகள் காரிடாரில் நின்று பாடினால்கூட ஸ்டுடியோ பாலிஷோடு கேட்கும். அது ஒரு ஜாலி, தப்பில்லை. இது வேறு.

அதற்காக எல்லாமே அசல் என்று சொல்லிவிட முடியாது. வெண்டல் பியர்ஸ் நடிகர்தான், டிராம்போன் கலைஞர் இல்லை. அவருக்காக நிஜத்தில் வாசித்தவர் ரீபர்த் பிராஸ் பேண்டின் டிராம்போன் கலைஞர் ஸ்டாஃபர்ட் ஏகீ. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கன்னத்தை உப்ப, மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் நாதஸ்வரம் வாசித்தார்களே, கிட்டத்தட்ட அந்த ஏற்பாடுதான். வாசிக்கிற ஆளின் உடம்பு எப்படி இருக்கும் என்பதை நடிகர் கற்றுக்கொண்டாரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சிவாஜி கற்றுக்கொண்டார், பியர்ஸும்தான்.

நடிகர்கள் தேர்விலும் ஒரு பிடிவாதம் இருந்தது. பியர்ஸ் அதே ஊர்க்காரர். புயலில் அவர் வளர்ந்த பகுதியே மூழ்கிப்போனது. ஆன்டுவானின் துணைவியாக வரும் ஃபிலிஸ் மோன்டானா லெப்ளாங்க் அதற்கு முன் நடிகையே இல்லை. கத்ரீனாவிலிருந்து உயிர் தப்பியவர். ஸ்பைக் லீ 2006இல் எடுத்த ஆவணப்படத்தில் தன் கோபத்தை அப்படியே கொட்டியவர். அந்தக் கோபத்தைப் பார்த்துத்தான் உலகத்துக்கு அவரைத் தெரியும். ஆனி என்ற வயலின் பெண்ணாக வரும் லூசியா மிகரெல்லி நிஜ வயலின் கலைஞர். டாக்டர் ஜான், ஆலன் டூசான்ட், கெர்மிட் ரஃபின்ஸ், டிராம்போன் ஷார்ட்டி என்று உள்ளூர்ப் பெரிய தலைகள் தங்கள் பெயரிலேயே வந்து வாசித்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு பலகாரத்துக்கு விளக்கக் கடிதம்

நேர்மை என்றால் தப்பே பண்ணாமல் இருப்பது இல்லை. முதல் எபிசோடு வந்த சமயத்தில் டேவிட் சைமன் அந்த ஊர் நாளிதழான 'டைம்ஸ் பிகாயூன்' வழியாக மக்களிடம் நேரடியாகப் பேசினார். எதைப் பற்றி? ஹியூபிக்ஸ் என்ற உள்ளூர் கம்பெனியின் பை பலகாரத்தைப் பற்றி. தொடரில் ஒரு ரெஸ்டாரன்ட் நடத்துகிற பெண் தன் கைப்பையிலிருந்து அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பார். ஆனால் கதை நடக்கும் காலத்தில் அந்த பேக்கரி புயலுக்குப் பிறகு இன்னும் திறக்கப்படவே இல்லை. ஊர்க்காரர்கள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவரே முந்திக்கொண்டார்: இது கற்பனைக் கதை, இங்கே இங்கே வரலாற்றை வளைத்திருக்கிறோம், தெரிந்தேதான் செய்தோம் என்று.

ஒரு பலகாரத்துக்கு இவ்வளவா என்று கேட்கலாம். யார் முன்னால் இந்தக் கதையைச் சொல்கிறோம் என்ற பயம் அது. எல்லாவற்றையும் இழந்த ஊருக்கு அதன் கதையைத் திருப்பிச் சொல்லும்போது, கடைத்தெரு விவரத்தில்கூட அசட்டையாக இருக்க முடியாது. அந்த நாளிதழும் சளைக்கவில்லை. ஒவ்வொரு எபிசோடுக்கும் எந்த இடம், எந்தப் பாட்டு, யார் அந்த ஆள் என்று விளக்கி எழுதித் தள்ளியது.

போலீஸ், ஃபீஸ், வழக்கு

தொடரின் ஆரம்பத்திலேயே ஆன்டுவான் தெருவில் நடந்து போகும்போது டிராம்போன் ஒரு போலீஸ் காரில் இடித்துவிடும். அவ்வளவுதான். அடி, கைது, வாத்தியமும் போய்விடும். டிராம்போன்காரருக்கு டிராம்போன் போனால் கை போன மாதிரி. பிறகு ஜப்பானிலிருந்து வந்த ஒரு ஜாஸ் ரசிகர் புதிய டிராம்போன் வாங்கிக் கொடுப்பார். எங்கோ இருக்கிறவனுக்கு அருமை தெரிகிறது, உள்ளூர் போலீஸுக்குத் தெரியவில்லை. காட்சி அதைச் சொல்லிக்காட்டாமல் நகர்ந்துவிடுகிறது.

இது வெறும் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. செகண்ட் லைன் ஊர்வலங்களை நடத்துவது 'சோஷியல் எய்டு அண்ட் பிளெஷர் கிளப்' என்ற அமைப்புகள். நம்ம ஊரில் மரண சகாய நிதி என்று வைத்திருப்பார்களே, அதே வேரில் வளர்ந்தவை. இன்ஷூரன்ஸ் கிடைக்காத கறுப்பின மக்கள் நோய்க்கும் சாவுக்கும் காசு சேர்த்து வைத்த சங்கங்கள்தான் இப்படி மாறின. 2006இல் ஓர் ஊர்வலத்தை ஒட்டி நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு, ஊர்வலத்துக்கான போலீஸ் பாதுகாப்புக் கட்டணம் பல மடங்கு உயர்த்தப்பட்டது. கிளப்கள் கோர்ட்டுக்குப் போய், சமரசத்தில் அதைக் குறைக்க வைத்தன. 2007 அக்டோபரில், இறந்துபோன ஒரு பேண்ட் கலைஞருக்காகத் தெருவில் வாசித்துக்கொண்டு போனவர்களை, அதுவும் ட்ரெமே பகுதியிலேயே, போலீஸ் மறித்துக் கைது செய்தது. மூன்றாவது சீசன் அந்தச் சம்பவத்தை வைத்துத்தான் ஆரம்பிக்கிறது.

அங்கேயும் டூரிஸ்ட் விளம்பரத்தில் டிரம்பெட் படம்தான் பெரிதாக இருக்கும். இசை வேண்டும், வாசிக்கிற ஆள் தெருவில் நிற்கக் கூடாது என்றால் என்ன அர்த்தம்?

எரிச்சலூட்டும் இடங்களும் உண்டு

தொடரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. வேகம் குறைவு. சில எபிசோடுகளில் கதை நகரவே நகராது. ஸ்டீவ் சான் நடித்த டேவிஸ் என்ற ரேடியோ ஜாக்கி பாத்திரம் வாயைத் திறந்தாலே சிலருக்கு ஃபோனை எடுக்கத் தோன்றும். 'இந்த ஊரை உங்களுக்குப் புரியாது' என்று வெளியாட்களைப் பார்த்து அலுத்துக்கொள்ளும் தொனியும் அடிக்கடி எட்டிப்பார்க்கிறது. இரண்டாவது எபிசோடில், உதவி செய்ய வந்த வெளியூர்ப் பிள்ளைகள் தெருவில் வாசிக்கிறவர்களிடம் எல்லோருக்கும் தெரிந்த 'செயின்ட்ஸ்' பாட்டைக் கேட்பார்கள். வாசிக்கிறவன் எரிந்து விழுவான். வந்தவர்கள் பாவம்தான்.

ஆனால் ராயபுரத்துக்காரர் இந்தக் காட்சியில் பிள்ளைகள் பக்கம் நிற்க மாட்டார். அதே பாட்டை ஒரு முகூர்த்த நாளில் நாலாவது தடவை வாசிக்கச் சொல்கிற மாப்பிள்ளையின் நண்பர்களை அவருக்குத் தெரியும். நியூ ஆர்லியன்ஸின் புகழ்பெற்ற பிரிசர்வேஷன் ஹாலில் ஒரு காலத்தில் ரேட் போர்டே வைத்திருந்தார்கள். நேயர் விருப்பத்துக்கு ஒரு கட்டணம், 'செயின்ட்ஸ்' பாட்டுக்கு மட்டும் எல்லாவற்றையும்விட அதிகம். நல்ல ஐடியா. கல்யாண மண்டபங்களில் மாட்டி வைக்கலாம்.

'எக்ஸ்போஷர்' சோறு போடுமா?

ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு ஒரு பேண்ட் பேசும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டேஜ், லைட், கேட்டரிங் எல்லாவற்றுக்கும் கொட்டேஷன் வாங்குவோம், அட்வான்ஸ் கொடுப்போம். வாசிக்கிறவரிடம் மட்டும், "ப்ரோ, நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்று ஆரம்பிப்போம். லைட் போடுகிறவரிடம் யாராவது அப்படிச் சொல்வோமா? வாசிப்பது அவருக்குப் பிடித்த விஷயம், அதனால் அது வேலை இல்லை என்று எங்கோ ஒரு நினைப்பு.

'ட்ரெமே' அந்த நினைப்பை நான்கு சீசனாக மெதுவாகப் பிய்க்கிறது. இரண்டாவது சீசனில் ஆன்டுவான் சொந்தமாக ஒரு பேண்ட் ஆரம்பிப்பார். ஆள் பிடிப்பது, சம்பளம் பிரிப்பது, ரிகர்சலுக்கு வராதவனைத் திட்டுவது. அதுவரை மற்ற பேண்ட் லீடர்களைத் திட்டிக்கொண்டிருந்தவருக்கு அப்போதுதான் அந்தப் பக்கத்துக் கஷ்டம் தெரியும். கூடவே, மாதச் சம்பளத்துக்காக வேண்டாவெறுப்பாக ஒரு பள்ளியில் பேண்ட் டீச்சருக்கு உதவியாளராகச் சேருவார். பிள்ளைகள் நிறைய, வாத்தியங்கள் குறைவு. பெரிய வெற்றி எதுவும் அவருக்கு வராது. வாசிக்கத் தெரியாத ஒரு பையன் கொஞ்சம் வாசிக்கக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான். அந்த எபிசோடுகள்தான் தொடரிலேயே சிறந்தவை.

நிஜ நியூ ஆர்லியன்ஸ் இந்தக் கணக்கை முன்பே கொஞ்சம் போட்டுப் பார்த்திருந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வழியில்லாத கலைஞர்களுக்காக 1998லேயே அங்கே தனி கிளினிக் ஆரம்பிக்கப்பட்டது. புயலுக்குப் பிறகு ஹாரி கானிக் ஜூனியர், பிரான்ஃபோர்ட் மர்சாலிஸ் என்ற இரண்டு கலைஞர்களின் யோசனையில், ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பு 'மியூசிஷியன்ஸ் வில்லேஜ்' என்று 72 வீடுகள் கட்டியது. ஊருக்குத் திரும்பி வர ஆளுக்கு ஒரு கூரை வேண்டும், அப்புறம்தானே வாசிப்பது? எல்லோருக்கும் போதவில்லைதான். ஆனால் வாசிக்கிறவருக்கும் வாடகை உண்டு, சுகர் மாத்திரை உண்டு என்று ஒரு நகரம் எழுத்தில் ஒப்புக்கொண்டது சின்ன விஷயமில்லை.

ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. ராயபுரத்தில் மூன்றாவது எபிசோடு ஓடுகிறது. போலீஸ் ஆன்டுவானை அடிக்கும் காட்சியில் டிரம்பெட்காரர் வாயே திறக்கவில்லை. எழுந்து போய், கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, வால்வுக்கு எண்ணெய் விட்டு, விரலால் அழுத்திப் பார்க்கிறார். அக்கா மகன், "மாமா, நிறுத்தவா?" என்கிறான். "ஓடட்டும்டா."

அப்போது போன் அடிக்கிறது. தை கடைசியில் ஒரு கல்யாணம், பல்லாவரத்தில். பேசுகிறவர் ரேட்டைக் கேட்டுவிட்டு, வழக்கம் போல, "அண்ணே, கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க. பெரிய எடம், நாலு பேர் பார்ப்பாங்க" என்கிறார்.

டிரம்பெட்காரர் திரையைப் பார்க்கிறார். பிறகு போனில், "ரேட்டு அதேதான் தம்பி. வேன் தனி. பாதி அட்வான்ஸ் நாளைக்கே போட்டுவிடுங்க" என்கிறார்.